புரோக்கர் யாருடைய ஆள்?

சென்ற மாதம் நம் குடியிருப்பில் ஒரு வீடு கைமாறியது. வாங்கியவர் மாடிப்படியில் என்னை நிறுத்தி, "சார், புரோக்கர் விற்றவர்கிட்டயும் கமிஷன் வாங்கியிருக்கார், என்கிட்டயும் வாங்கியிருக்கார். அவர் யாருடைய ஆள்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பதில் சொல்லக் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

தரகு நமக்குப் புதிதல்ல. பல்லவர் செப்பேடுகளில் வரும் வரிப் பட்டியலிலேயே 'தரகு' உண்டு. கம்பெனி காலத்துச் சென்னையில் வெள்ளைக்காரருக்கும் உள்ளூர் வியாபாரிக்கும் நடுவே நின்றவர்கள் துபாஷிகள். இரண்டு பாஷைக்காரர் என்று பொருள்.

நடுவில் நிற்பவரின் கடமை என்ன என்பதை எழுதி வைத்தது 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம். பி.காம். படித்தவர்கள் மெர்க்கன்டைல் லா பாடத்தில் 182-ஆம் பிரிவு தொடங்கி முகவர் அத்தியாயத்தை உருப்போட்டிருப்பீர்கள். நானும் உருப்போட்டேன், தேர்வு முடிந்ததும் மறந்தேன்.

தொண்ணூறுகளில் இதே சைதாப்பேட்டையில் ஒரு ஃபிளாட் பார்த்தேன். அட்வான்ஸ் கொடுத்த அன்றே தரகர் முழுக் கமிஷனையும் கேட்டார், கொடுத்துவிட்டேன். பிறகு வக்கீல் தாய்ப்பத்திரத்தைப் பார்த்து, ஒரு வாரிசின் கையெழுத்து இல்லை என்றார். அட்வான்ஸ் திரும்பி வந்தது. கமிஷன் வரவில்லை. "பார்ட்டியைக் காட்டினேன், விலை பேசி முடிச்சேன், என் வேலை முடிஞ்சுது சார்." வங்கியில் அடுத்தவர் கடன் பத்திரங்களை வரி வரியாகப் படித்தவன் நான்!

தனியாக வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், ஒப்புக்கொண்ட வேலை முடியும்வரை முகவருக்குக் கூலி சேராது என்கிறது 219-ஆம் பிரிவு. ஆனால் எது அந்த வேலை? வீட்டைக் காட்டுவதா, விலை பேசுவதா, பத்திரம் பதிவாவதா? அதைத்தான் நாங்கள் எழுதிக்கொள்ளவில்லை. வாய்ப்பேச்சும் செல்லும்தான் (187-ஆம் பிரிவு), நிரூபிப்பதுதான் கஷ்டம். முகவர் கணக்குக் காட்ட வேண்டும் (213). நமக்குத் தெரியாமல் தன் சொந்த வீட்டையே நம் தலையில் கட்டினால், முக்கிய விஷயத்தை மறைத்திருந்தாலோ நமக்கு அது பாதகமாக இருந்தாலோ, நாம் அதை மறுக்கலாம் (215).

"இப்போதுதான் ரெரா வந்துவிட்டதே" என்பீர்கள். 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9-ஆம் பிரிவுப்படி, பதிவான திட்டத்தில் வீடு விற்றுத்தரும் ஏஜென்ட் தானும் பதிவு செய்திருக்க வேண்டும். நம்முடையதைப் போன்ற பழைய கட்டடத்தின் மறுவிற்பனைக்கு அது பொருந்தாது. இங்கே நமக்குத் துணை அந்த 1872-தான்.

அமெரிக்காவிலும் இதே தலைவலி. வாங்குபவரின் ஏஜென்டுக்கும் விற்பவர் பக்கமிருந்தே கமிஷன் போகும் வழக்கம் அங்கே இருந்தது. 2023 அக்டோபரில் மிசூரி ஜூரி ஒன்று அதற்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. அதன்பின் வந்த சமரசப்படி, 2024 ஆகஸ்ட் 17 முதல் வீட்டைச் சுற்றிக் காட்டும் முன்பே, கட்டணம் இவ்வளவு என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

மாடிப்படியில் கேட்டவருக்கு நான் சொன்னது இதுதான்: இரண்டு பக்கமும் வாங்குவது மட்டுமே தப்பில்லை, இருவருக்கும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அவர் போய் விசாரித்திருக்கிறார். விற்றவருக்குத் தெரியுமாம், இவரிடம்தான் யாரும் சொல்லவில்லை. தரகர் வாங்கியதில் கொஞ்சம் திருப்பிக் கொடுத்தாராம்.