காத்திருக்கும் நாட்களின் கணக்கு: கடற்படை ஆயத்தம் குறித்து டெல்டாவிலிருந்து ஒரு பார்வை

தை பிறந்து சம்பா அறுவடை சூடுபிடித்ததும் ஒரத்தநாட்டுச் சாலைகளில் அறுவடை மிஷின்கள் வந்து இறங்கும். ஈரம் காயாத வயலுக்குப் பெல்ட் வண்டி, காய்ந்த வயலுக்கு டயர் வண்டி. ஒருமுறை புது ஆற்றுப் பக்கத்து வயலொன்றில், பாதி அறுத்த நிலையில் வண்டி நின்றிருந்தது. கதிர் வெட்டும் பிளேடு உடைந்துவிட்டது. பிளேடை மாற்ற அரை மணி நேரம் போதும். ஆனால் அது தஞ்சாவூரிலிருந்து வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்து, பனியும் இறங்கிவிட்டது. அன்று வண்டி நின்ற நேரத்தில் பழுது பார்த்தது அரை மணி. மற்றதெல்லாம் பாகத்துக்காகக் காத்திருந்தது.

போர்க்கப்பலும் போர்விமானமும் பணிக்கு ஆயத்தமாக இருப்பது பற்றிய விவாதத்தை இந்த இடத்திலிருந்து தொடங்க விரும்புகிறேன். ஆயத்தத்தை உயர்த்த விரும்பும் ஒரு படை முதலில் திரட்ட வேண்டிய தரவு, காத்திருந்த நாட்களும் அவற்றின் காரணங்களும்தான் என்பது இக்கட்டுரையின் வாதம். 'நூற்றுக்கு இத்தனை ஆயத்தம்' என்ற ஒற்றை எண் அதற்குப் பின்னால்தான் வர வேண்டும்.

நெல் விளையும் ஊரில் இருந்துகொண்டு கடற்போரைப் பேசுவது பொருத்தமற்றதாகத் தோன்றலாம். ஆனால் ஒரத்தநாட்டிலிருந்து இருபது கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தொலைவில் உள்ள தஞ்சாவூர் விமானப்படைத் தளத்தில், 2020 ஜனவரி 20 அன்று சுகோய்-30 விமானங்களைக் கொண்ட 222-ஆவது படைப்பிரிவு நிலைகொண்டது. 2.5 டன் எடையுள்ள பிரமோஸ் ஏவுகணையைச் சுமந்து சென்று கடலில் கப்பல்களைத் தாக்குவது அதன் முக்கியப் பணிகளில் ஒன்று. வங்கக் கடலையும் இந்தியப் பெருங்கடலையும் காக்கும் பொறுப்பில் ஒரு பங்கு, வயல் சூழ்ந்த ஓர் ஓடுபாதையில் இருக்கிறது.

முதலில் கப்பல்கள். இந்தியக் கடற்படைக் கப்பல்களின் பெரும் பழுதுபார்ப்பு குறித்து மத்திய தணிக்கைத் துறை 2005-10 காலத்தை ஆராய்ந்தது. குறித்த நாளில் முடிந்த பணிகள் நூற்றுக்குப் பதினெட்டு. தாமத நாட்களை எல்லாம் கூட்டினால் 8,629. இந்த எண்ணைப் பலரும் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். அதை வகுத்துப் பார்ப்பது அவசியம். ஐந்து ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 1,826 நாட்கள். 8,629-ஐ அதனால் வகுத்தால் 4.7 வருகிறது. அந்த ஐந்து ஆண்டுகளில் சராசரியாக ஒரு நாளில், கடலில் இருந்திருக்க வேண்டிய ஏறக்குறைய ஐந்து கப்பல்கள் கெடு தாண்டிப் பட்டறையில் கிடந்தன என்று பொருள். ஐந்து போர்க்கப்பல்களைப் புதிதாகக் கட்ட எத்தனை ஆண்டுகள் ஆகும், எவ்வளவு செலவாகும் என்பதை நினைத்தால் இந்த இழப்பின் பருமன் புரியும்.

இந்த வகுத்தலுக்கு அடிப்படையான விதியை ஜான் லிட்டில் 1961-இல் நிறுவினார். வரிசையில் நிற்பவற்றின் சராசரி எண்ணிக்கை, அவை வரும் வேகத்தையும் ஒவ்வொன்றும் தங்கும் காலத்தையும் பெருக்கினால் கிடைக்கும். மாதத்துக்கு நான்கு விமானங்கள் பட்டறைக்கு வந்து, ஒவ்வொன்றும் மூன்று மாதம் தங்குவதாக வைத்துக்கொள்வோம். சராசரியாகப் பன்னிரண்டு விமானங்கள் பட்டறையில் இருக்கும். தங்கும் காலத்தை இரண்டு மாதமாகக் குறைத்தால் எட்டுதான் இருக்கும். ஒரு விமானம்கூட வாங்காமல் நான்கு விமானங்கள் படைக்குத் திரும்பிவிடுகின்றன.

தங்கும் காலத்தைக் குறைப்பது ஒரு வழி. வருகையைக் குறைப்பது இன்னொரு வழி. இரண்டாவதற்குச் சுகோய் எஞ்சின் கதை நல்ல சான்று. 2015-இல் பாதுகாப்பு அமைச்சர் மனோகர் பாரிக்கர் நாடாளுமன்றத்தில் தந்த விவரப்படி, ஆராயப்பட்ட 69 எஞ்சின் கோளாறுகளில் 33-க்குப் பேரிங் பழுதே காரணம். பேரிங் தேய்கிறது, அதன் உலோகத் துகள் மசகு எண்ணெயில் கலக்கிறது, எண்ணெய் ஓடும் இடமெல்லாம் துகளும் போகிறது. கோளாறுகளைத் தனித்தனி விபத்துகளாகப் பார்த்திருந்தால் 69 கோப்புகள்தான் மிஞ்சியிருக்கும். காரணவாரியாக அடுக்கியதால்தான் பாதிக்கு நெருங்கியவை ஒரே வேரிலிருந்து வந்தவை என்பது தெரிந்தது. தயாரிப்பாளர் எஞ்சினில் ஒன்பது மாற்றங்களை முன்வைத்தார். எண்ணெய் ஓட்டத்தைச் சீர்செய்வதும் அவற்றில் அடங்கும். அதே ஆண்டின் தணிக்கை அறிக்கை, இவ்விமானங்களின் ஆயத்தம் 75 சதவீத வரையறைக்குக் கீழே 55 முதல் 60 சதவீதமாக இருந்ததைச் சுட்டியது. அந்தச் சதவீதத்தை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாலும் பேரிங் கண்ணில் படாது.

சதவீதத்தை இலக்காக வைத்துச் செயல்பட்டதற்கு அமெரிக்கக் கடற்படை உதாரணம். 2018-இல் அந்நாட்டுப் பாதுகாப்புச் செயலர் ஜேம்ஸ் மாட்டிஸ், போர்விமானங்கள் 80 சதவீத ஆயத்தத்தை ஓராண்டுக்குள் எட்ட வேண்டும் என்றார். கடற்படை பயணிகள் விமான நிறுவனங்களின் பராமரிப்பு முறைகளைப் பட்டறைகளுக்குக் கொண்டுவந்தது. பத்தாண்டுகளாக 250, 260 என்று நின்றிருந்த ஆயத்தமான சூப்பர் ஹார்னெட் போர்விமானங்களின் எண்ணிக்கை 2019 செப்டம்பரில் 341-ஐத் தொட்டது. இது உண்மையான சாதனை. பட்டறையின் நடைமுறை மாறினால் ஓராண்டுக்குள் பலன் தெரியும் என்பதை யாரும் இனி மறுக்க முடியாது. ஆனால் ஒரு நாளில் எட்டிய எண் ஆண்டு முழுவதும் நிற்பது வேறு செய்தி. அந்நாட்டு அரசுத் தணிக்கை அலுவலகம் 2022-இல் படைகளின் 49 விமான வகைகளை ஆராய்ந்தபோது, 2011 முதல் 2021 வரையிலான ஆண்டுகளில் பெரும்பாலானவற்றில் தன் ஆண்டு இலக்கை எட்டியவை நான்கே நான்கு வகைகள்.

இலக்கு எண் அழுத்தும்போது பட்டறை எளிய வழியைத் தேடும். நிற்கும் ஒரு விமானத்திலிருந்து பாகத்தைக் கழற்றி இன்னொன்றில் மாட்டுவது அப்படிப்பட்ட வழி. அறுவடைக் காலத்தில் மிஷின்காரர்களும் இதைச் செய்வதுண்டு. ஒரு வண்டியாவது ஓட வேண்டுமே என்ற தவிப்பு அது. அவசரத்தில் அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரே வேலை இருமுறை நடக்கிறது, கழற்றும்போது நல்ல பாகமும் சேதமடைகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தப் பாகம் கிடங்கில் இல்லை என்ற செய்தி ஏட்டில் ஏறாமலே போகிறது. அடுத்த கொள்முதலில் அதைக் கேட்பவர் யாரும் இல்லை.

எனவே ஒவ்வொரு பழுதுக்கும் நான்கு தேதிகள் பதிவாக வேண்டும் என்கிறேன்: பழுது தெரிந்த நாள், பாகம் கேட்ட நாள், பாகம் கைக்கு வந்த நாள், சோதித்து ஒப்படைத்த நாள். பாகம் வேறொரு விமானத்திலிருந்தோ கப்பலிலிருந்தோ கழற்றப்பட்டிருந்தால் அதுவும் தனியே குறிக்கப்பட வேண்டும். இரகசியம் இதற்குத் தடையாகாது. இந்த ஏடு வெளியே போக வேண்டியதில்லை, பட்டறைக்கும் கிடங்குக்கும் தளபதிக்கும் இடையில் இருந்தால் போதும். எழுதுகிறவர் தொழில்நுட்பப் பணியாளர்; தாமதத்துக்கான உண்மைக் காரணத்தை எழுதியதற்காக அவர் விளக்கம் கேட்டு அழைக்கப்படும் நிலை வந்தால், மறுவாரமே எல்லாக் காரணமும் 'இதர' என்ற கட்டத்துக்குள் போய்விடும். அவருக்கு அந்தப் பாதுகாப்பு இருந்தால், கேட்ட நாளுக்கும் வந்த நாளுக்கும் நடுவே எந்தத் தளத்தில், எந்தப் பாகத்துக்கு, எவ்வளவு இடைவெளி விழுகிறது என்று ஓராண்டில் தெரிந்துவிடும். உதிரிபாகத்துக்கு ஒதுக்கும் பணம் முதலில் போக வேண்டியது அந்த இடைவெளிக்கு.