முகப்பு விளக்கின் விசை எங்கே இருக்கவேண்டும்? பலமனேர் மலைச்சாலையும் ஒரு நூற்றாண்டு வரலாறும்

சித்தூரிலிருந்து மேற்கே பங்காருபாளையம் கடந்து, மொகிலி மலைச்சாலையில் ஏறிப் பலமனேரை அடையும் வண்டி ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் 300 மீட்டருக்கு மேல் உயர்ந்துவிடுகிறது. அங்கிருந்து முல்பாகல், கோலார் வழியாகப் பெங்களூர். சென்னையையும் மைசூர் மேட்டுநிலத்தையும் இணைத்த பழைய வழிகளுள் இது ஒன்று. 1911இல் சித்தூர் மாவட்டம் உருவாகும்வரை பலமனேர் வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. இச்சாலை நீண்ட காலம் தேசிய நெடுஞ்சாலை 4 என வழங்கப்பட்டு, 2010ஆம் ஆண்டின் மறுஎண்ணிடலுக்குப் பின் 69 ஆயிற்று. தக்காளியும் பிற காய்கறிகளும் ஏற்றிய வண்டிகள் இரவு முழுவதும் இவ்வழியே கீழிறங்குகின்றன. பக்கத்தில் கௌண்டின்யா வனவிலங்குச் சரணாலயம் இருப்பதால் யானைகளும் இதே சாலையைக் கடக்கின்றன. 2023 ஜூன் மாதத்தில் பலமனேர் அருகே ஓரிரவில் சரக்கு வண்டி மோதி மூன்று யானைகள் இறந்தன.

இத்தகைய சாலையில் இரவில் ஓட்டுபவருக்கு ஒன்றுக்கொன்று முரணான இரண்டு கடமைகள் உண்டு. சாலையில் எது நிற்கிறது என்று தொலைவிலேயே காண உயரொளி வேண்டும், அதாவது ஹைபீம். எதிர்வரும் ஓட்டுநரின் கண் கூசாதிருக்கத் தாழொளி வேண்டும். ஓட்டுநர் வழக்கில் அது ‘டிம்’. வளைவுக்கு வளைவு, சில நொடி இடைவெளியில், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறவேண்டியிருக்கிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டர் கடக்கிறது. எதிர்வண்டியும் அதே வேகத்தில் வந்தால் இடைவெளி நொடிக்கு 33 மீட்டர் குறைகிறது. ஆகவே மாற்றும் விசை எந்த உறுப்புக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது என்பது உயிர் தொடர்பான வினா. வரலாற்றை நோக்கினால், இவ்வினாவுக்கான விடையைப் பெரும்பாலும் தீர்மானித்தது வண்டி எந்த நாட்டில் வடிவமைக்கப்பட்டது என்பதே. அது ஓடவேண்டிய சாலையின் தேவை பின்னுக்குத் தள்ளப்பட்டது.

மோட்டார் வண்டியின் தொடக்கக் காலத்தில் இவ்வினாவே எழவில்லை. அசிட்டிலீன் வாயு விளக்குகளுக்கு ஏற்றுவது, அணைப்பது என்ற இரு நிலைகளே இருந்தன. அவற்றின் ஒளியும் மங்கலானது. மின்விளக்குகள் வந்து ஒளி வலுத்தபின் கண்கூச்சம் ஒரு பொதுச் சிக்கலாயிற்று. 1915இல் அமெரிக்காவின் கைடு லாம்ப் நிறுவனம் ஒளியைக் கீழே சாய்க்கும் விளக்குகளைக் கொண்டுவந்தது. எனினும் சாய்ப்பதற்கு ஓட்டுநர் வண்டியை நிறுத்தி இறங்கவேண்டியிருந்தது. 1917இல் காடிலாக் நிறுவனம் உள்ளிருந்தபடியே இயக்கும் நெம்புகோலை அமைத்தது. விளக்கின் மீதான அதிகாரம் ஓட்டுநர் இருக்கைக்கு வந்து சேர்ந்தது அப்போதுதான்.

அடுத்த மாற்றம் விளக்குக் குமிழுக்குள் நிகழ்ந்தது. 1924இல் ஆஸ்ராம் நிறுவனத்தின் ‘பைலக்ஸ்’ குமிழும், 1925இல் கைடு லாம்பின் ‘டூப்லோ’ குமிழும் ஒரே கண்ணாடிக்குள் இரண்டு மின்னிழைகளை வைத்தன. ஒன்று தொலைவுக்கு, மற்றொன்று அருகுக்கு. விளக்கை அசைக்கவேண்டிய தேவை நீங்கியது. மின்னோட்டத்தை ஓர் இழையிலிருந்து மற்றோர் இழைக்குத் திருப்பினால் போதும் என்றாயிற்று. அதன் விளைவாக விசையை வண்டிக்குள் எங்கு வேண்டுமானாலும் வைக்கமுடிந்தது. இடம் ஒரு தேர்வாக மாறியது இங்கிருந்துதான்.

1927இல் அமெரிக்க வண்டிகளில் காலால் மிதிக்கும் விசை அறிமுகமாயிற்று. கிளட்ச் மிதிக்கு இடப்புறம், தரையில் ஒரு சிறு உலோகக் குமிழ்; ஒருமுறை மிதித்தால் தாழொளி, மறுமுறை மிதித்தால் உயரொளி. அக்காலச் சூழலில் இத்தேர்வு நியாயமானது. ஸ்டீயரிங்கைத் திருப்ப இரு கைகளின் வலுவும் தேவைப்பட்டது. கியர் மாற்றவும் ஒரு கை வேண்டியிருந்தது. ஓட்டத்தின் பெரும்பகுதியில் ஓய்வாக இருந்தது இடக்கால் மட்டுமே. இவ்வமைப்பு அமெரிக்காவில் அரை நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது. ஃபோர்டின் சில சரக்கு வண்டிகளில் 1991 வரை இருந்தது.

இந்தியாவுக்கும் இதுவே முதலில் வந்தது. இரண்டாம் உலகப் போரின் வில்லிஸ் ஜீப்பிலும், அதன் வழியில் மகிந்திரா இங்கே பொருத்தி விற்ற ஜீப்பிலும் விசை தரையில்தான் இருந்தது. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையை அடிப்படையாகக் கொண்டு 1957இல் உத்தர்பாராவில் தொடங்கிய அம்பாசிடரின் ஆரம்ப வடிவங்களிலும் இடக்காலே விளக்கை ஆண்டது. அந்தத் தலைமுறை ஓட்டுநர்களுக்கு டிம் செய்வது கால்வேலை.

சமவெளிக்குப் பொருந்திய இவ்வமைப்பு மலைச்சாலையில் முரண்பட்டது. வளைவை நெருங்கும்போது ஓட்டுநர் வேகத்தைக் குறைத்துக் கியரை மாற்றுகிறார். அதற்கு இடக்கால் கிளட்சை அழுத்தியாகவேண்டும். எதிர்வண்டி பார்வைக்கு வருவதும் அதே வளைவில்தான். ஆக, டிம் செய்யவேண்டிய நொடியும் கிளட்ச் மிதிக்கவேண்டிய நொடியும் ஒன்றாகின்றன. ஒரே காலால் இரண்டையும் செய்ய இயலாது. கிளட்சை விட்டால் இறக்கத்தில் வண்டியின் பிடி தளரும். விளக்கை விட்டால் எதிரில் வருபவர் கண்ணிழப்பார். தரையில் இருந்ததால் சேறும் நீரும் படிந்து விசை துருப்பிடித்ததும் இவ்வமைப்பின் மற்றொரு குறை.

காலிலிருந்து கைக்கு விசை நகர்ந்தது ஒரே நாளில் நிகழ்ந்ததன்று. ஐரோப்பிய வண்டிகள் பலவற்றில் ஸ்டீயரிங் தண்டிலிருந்து நீளும் சிறு நெம்பு முன்னரே இருந்தது. பிரீமியர் பத்மினியாக இந்தியாவில் வாழ்ந்த ஃபியட் 1100 அத்தகையது. 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800 அந்த நெம்பைப் பொதுவழக்காக்கியது. கால்விசை மெல்ல மறைந்தது.

இங்கே ஒரு நுண்ணிய செய்தி கவனத்துக்குரியது. மிதிகளின் வரிசை உலகெங்கும் ஒன்றே: இடமிருந்து வலமாகக் கிளட்ச், பிரேக், ஆக்ஸிலரேட்டர். இடப்பக்க ஸ்டீயரிங் ஆனாலும் வலப்பக்க ஸ்டீயரிங் ஆனாலும் இதில் மாற்றமில்லை. ஆகவே கால்விசைக்கு நாட்டு வேறுபாடு கிடையாது. கைவிசையின் நிலை வேறு. கியர் தண்டு வண்டியின் நடுவில் இருப்பதால், இடப்பக்கம் அமரும் ஜெர்மானிய ஓட்டுநர் வலக்கையால் கியர் மாற்றுகிறார். வலப்பக்கம் அமரும் இந்திய ஓட்டுநர் இடக்கையால் மாற்றுகிறார். விளக்கின் நெம்பு இடப்புறம் இருந்தால், ஜெர்மானியருக்குக் கியர் ஒரு கையிலும் விளக்கு மறுகையிலும் அமைகின்றன. அதே நெம்பு இடம் மாறாமல் இந்திய வண்டிக்கு வந்தால், கியரும் விளக்கும் ஒரே இடக்கையின் பொறுப்பாகின்றன. கால்விசையில் இருந்த பழைய முரண்பாடு காலிலிருந்து கைக்கு ஏறிக்கொண்டதே தவிரத் தீரவில்லை.

வலப்பக்க ஸ்டீயரிங் உடைய ஜப்பான் இதைத் தன் நாட்டு வண்டிகளில் சரியாகவே தீர்த்திருந்தது. அங்கு விளக்கின் நெம்பு வலப்புறம், கண்ணாடித் துடைப்பானின் நெம்பு இடப்புறம். பழைய பிரித்தானியக் கார்கள் சிலவற்றிலும் சைகை நெம்பு வலப்புறமே இருந்தது. சுசூகியின் வழிவந்த மாருதி ஜப்பானிய அமைப்போடு இந்தியாவுக்கு வந்ததால் இங்கு வலப்புற நெம்பு பெரும்பான்மை ஆயிற்று. பின்னர் வந்த ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா போன்ற ஐரோப்பிய வண்டிகள் இடப்புற நெம்போடு வந்தன. கைவிசைகளின் இடத்தை வகுக்க ஐ.எஸ்.ஓ. 4040 என்ற பன்னாட்டுத் தரமும், இந்தியாவில் ஏ.ஐ.எஸ். 071 என்ற தரமும் உள்ளன. இருந்தும் ஒரே நாட்டில், ஒரே சாலையில், இருவகை வண்டிகளும் ஓடுகின்றன.

இதன் விளைவு அற்பமானதன்று. ஒருவகைக்குப் பழகிய வாடகை ஓட்டுநர் மறுவகையை ஓட்டும்போது, எதிரொளி கண்ட நொடியில் அவர் கை பழைய இடத்தையே நாடுகிறது. டிம் ஆகவேண்டிய விளக்கு அப்படியே எரிய, துடைப்பான் ஓடத் தொடங்குகிறது. புழுதி படிந்த கண்ணாடியில் உலர்ந்த துடைப்பான் கீறிச்செல்லும்போது எதிரொளி அக்கீற்றுகளில் சிதறிப் பார்வை மேலும் மங்குகிறது.

இருசக்கர வண்டியில் இக்குழப்பம் இல்லை. வலக்கை ஆக்ஸிலரேட்டரைத் திருகிப் பிடித்திருப்பதால், விளக்கின் விசை இடக் கைப்பிடியில் கட்டைவிரலுக்கு எட்டும் இடத்தில் அமைந்தது. இடக்கையின் மற்ற விரல்கள் கிளட்சை இழுக்கும்போதும் கட்டைவிரல் தனித்து இயங்கும். எந்த உறுப்பு ஓய்வாக உள்ளது என்ற வினாவிலிருந்து தொடங்கியதால் அங்கு விடை தெளிவாகக் கிடைத்தது.

சட்டம் இவ்விடத்தில் என்ன சொல்கிறது? 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106ஆம் விதி ஒளியைச் சாய்ப்பது பற்றியது. விளக்கிலிருந்து 8 மீட்டர் தொலைவில், 1.5 மீட்டர் உயரத்தில் கண் உள்ள ஒருவருக்குக் கூச்சம் ஏற்படாதவாறு ஒளி நிலையாகத் தாழ்ந்திருக்கவேண்டும். அன்றி ஓட்டுநர் விரும்பும்போது தாழ்த்தக்கூடியதாக இருக்கவேண்டும் என்பது அதன் சாரம். விதி விளக்கை அளக்கிறது. ஓட்டுநரின் விருப்பத்தை நம்புகிறது. அவ்விருப்பம் கையால் நிறைவேறுமா காலால் நிறைவேறுமா என்பதில் அது தலையிடவில்லை.

விருப்பத்தை நம்பமுடியாத நிலையில் அதிகாரிகள் வேறு வழியை நாடினர். முகப்பு விளக்கின் மேற்பாதியில் கருப்பு வண்ணம் பூசுவதும், நடுவில் கருப்பு ஒட்டு ஒட்டுவதும் தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் பலர் கண்ட காட்சி. முடிவை ஓட்டுநரிடமிருந்து எடுத்து விளக்கின் முகத்திலேயே எழுதிவிடும் முயற்சி இது. ஆனால் 1971இல் அறிமுகமான எச்4 வகைக் குமிழின் ஒளியியல் இதற்கு எதிராக நிற்கிறது. அதில் தாழொளி இழையின் அடியில் ஒரு சிறு உலோகக் கிண்ணம் உண்டு. அது கீழ்நோக்கிய ஒளியை மறைப்பதால், தாழொளி எதிரொளிப்பானின் மேற்பாதியிலிருந்தே வெளிவருகிறது. உயரொளியோ முழுப் பரப்பையும் பயன்படுத்துகிறது. மேற்பாதியில் பூசிய கருப்பு, காக்கவேண்டிய தாழொளியையே பெரிதும் தின்று, உயரொளியின் கீழ்ப்பாதியை விட்டுவைக்கிறது. அப்படிப்பட்ட வண்டியில் டிம் செய்தால் சாலையே தெரியாது. எனவே ஓட்டுநர் உயரொளியிலேயே தங்கிவிடத் தூண்டப்படுகிறார்.

லாரிகளின் பின்புறம் எழுதப்படும் ‘இரவில் டிப்பரைப் பயன்படுத்துக’ என்ற ஆங்கில வாசகம் இதே கவலையின் மற்றொரு சான்று. ஆயினும் டிப்பரின் பொருள் காலப்போக்கில் மாறியது. கால்விசை ஒரு நிலையிலிருந்து மறுநிலைக்கு மாறி அங்கேயே நிற்கும். ஒளியைச் சிமிட்ட இருமுறை மிதிக்கவேண்டும். கைநெம்பை விரலால் இழுத்து விட்டால் அது தானே திரும்பிவிடும். இவ்வெளிமையால் ஒளிச் சிமிட்டல் ஒரு மொழியாயிற்று. விட்டுக்கொடுக்கும் குறிப்பாகத் தொடங்கக்கூடியது, நம் சாலைகளில் ‘நான் வருகிறேன், நீ நில்’ என்ற ஆணையாகவும் வழங்குகிறது. விசையின் இடமும் அமைப்பும் ஓட்டுநரின் நடத்தையை வடிக்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

முடிவை முற்றிலும் எந்திரத்திடம் ஒப்படைக்கும் முயற்சியும் பழையது. 1952இல் ஜெனரல் மோட்டார்ஸ் ‘ஆட்ரானிக் ஐ’ என்ற ஒளியுணர் கருவியைக் காடிலாக், ஓல்ட்ஸ்மொபில் வண்டிகளில் வைத்தது. இன்றைய கேமரா சார்ந்த தானியங்கி உயரொளி அதன் வழித்தோன்றல். எதிர்வண்டியின் விளக்கைக் கண்டு அது தாழ்கிறது. மலைச்சாலையில் அனுபவமுள்ள ஓட்டுநரோ வண்டியைக் காணுமுன்பே, வளைவுக்கு அப்பால் பாறையிலும் மரங்களிலும் படரும் வெளிச்சத்தைக் கண்டு டிம் செய்கிறார். எதிரே நடந்துவரும் மனிதரிடம் விளக்கில்லை, யானையிடமும் இல்லை. கருவி பயன்படும், ஆனால் அதை மீறும் விசை விரலுக்கு எட்டும் தொலைவில் இருந்தாகவேண்டும்.

நடுத்தடுப்பு உள்ள நான்குவழிச் சாலைகளில் எதிரொளியின் கொடுமை ஓரளவு தணிகிறது. பலமனேரிலிருந்து குப்பத்துக்கும் புங்கனூருக்கும் பிரியும் வழிகளைப் போன்று, இருதிசை வண்டிகளும் ஒரே தளத்தைப் பகிரும் இடங்களில் அது தணிவதில்லை. அத்தகைய சாலைகளை அளவுகோலாகக் கொண்டால் விடை கிடைக்கிறது. விசை ஸ்டீயரிங்கை விடாமலே விரலுக்கு எட்டவேண்டும். இருளில் தடவியே அறியக்கூடியதாக இருக்கவேண்டும். கியர் மாற்றும் உறுப்பின் பொறுப்பில் இருக்கக்கூடாது. எல்லா வண்டிகளிலும் ஒரே பக்கத்தில் இருக்கவேண்டும். வலப்பக்கம் அமர்ந்து இடக்கையால் கியர் மாற்றும் நாட்டில் இந்நான்கையும் நிறைவேற்றும் இடம் ஸ்டீயரிங்கின் வலப்புறமே. தானியங்கிக் கியர் பரவும்போது மூன்றாம் காரணம் வலுவிழக்கும். நான்காவது அப்போதும் நிற்கும். இந்தியத் தரம் இருவகையையும் அனுமதித்துக்கொண்டிருக்கும்வரை, அதன் விலையை இரவில் வண்டி மாற்றி ஓட்டும் ஓட்டுநரும், அவருக்கு எதிரே வருபவரும், சாலையைக் கடக்கும் உயிர்களும் செலுத்திக்கொண்டிருப்பர்.