1.35 வோல்ட்

பழைய ஃபிலிம் கேமரா வாங்குபவர்கள் முதலில் பார்ப்பது லென்ஸில் பூஞ்சை இருக்கா, ஷட்டர் ஓடுதா என்பதைத்தான். இரண்டும் சரியாக இருந்தாலும், அடியில் இருக்கும் சின்ன மூடியைத் திறந்தால் சிக்கல் தொடங்கும். அங்கே போடவேண்டிய பேட்டரி இன்று கடைகளில் கிடையாது.

அது பிஎக்ஸ்625 என்ற பாதரச ஆக்ஸைடு பட்டன் செல். இரண்டாம் உலகப்போரில் வெப்பமண்டலப் போர்முனைகளுக்குப் போன சாதாரண பேட்டரிகள் சூட்டிலும் ஈரத்திலும் கெட்டுப்போயின. அமெரிக்க ராணுவத்துக்காக சாமுவேல் ரூபன் 1942இல் பாதரச செல்லை உருவாக்கினார். அதைத் தயாரித்த மல்லோரி நிறுவனத்திலிருந்து பிறந்ததுதான் டியூராசெல்.

இந்த செல்லின் பெருமை அதன் நிதானம். முதல் நாளிலும் 1.35 வோல்ட், தீரப்போகிற சமயத்திலும் கிட்டத்தட்ட அதே. 1960களில் கேமராவுக்குள் லைட் மீட்டர் வந்தபோது பல வடிவமைப்பாளர்கள் இந்த நிதானத்தை நம்பினார்கள். பேட்டரியே நிலையாக இருக்கும்போது மின்னழுத்தத்தைச் சீராக்கத் தனி சர்க்யூட் எதுக்கு? 1966இல் வந்த மினோல்டா எஸ்ஆர்-டி 101, ரோலை 35 இரண்டுமே இந்த செல்லுக்காக அளவு வைக்கப்பட்டவை. 1964இல் வந்த பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக்கில் மட்டும் பிரிட்ஜ் சர்க்யூட் இருந்தது. வோல்ட் கொஞ்சம் கூடினாலும் அதன் மீட்டர் தடுமாறாது.

ஆனால் ஜப்பானின் மினமாட்டாவில் 1956இலேயே பாதரசத்தின் இன்னொரு முகம் தெரிந்துவிட்டது. ஒரு ரசாயன ஆலை கடலில் விட்ட கழிவு மீன் வழியாக மனிதர்களின் நரம்புகளைத் தாக்கியது. அதற்கும் கேமரா பேட்டரிக்கும் சம்பந்தமில்லைதான். ஆனால் தீர்ந்த செல்களும் குப்பைக்குத்தான் போயின. குப்பையை எரித்தால் பாதரசம் காற்றில் கலக்கும். அமெரிக்கா 1996இல் இவற்றின் விற்பனையைச் சட்டத்தால் நிறுத்தியது. 2013இல் உலக நாடுகள் செய்துகொண்ட பாதரச ஒப்பந்தத்துக்கு மினமாட்டாவின் பெயரே வைக்கப்பட்டது.

அப்போ இன்று என்ன போடுவது? அதே அளவில் கிடைக்கும் ஆல்கலைன் செல் 1.5 வோல்ட்டில் தொடங்கி இறங்கிக்கொண்டே போகும். புதுசாக இருக்கும்போது மீட்டர், இருக்கும் வெளிச்சத்தைவிட அதிகமாகக் காட்டும். படம் இருண்டு வரும். நெகட்டிவ் ஓரளவு பொறுத்துக்கொள்ளும், ஸ்லைடு ஃபிலிம் பொறுக்காது. சில்வர் ஆக்ஸைடு செல் நிலையானது, ஆனால் 1.55 வோல்ட். சின்ன டயோடு வைத்த அடாப்டர் அந்த உபரியைக் குறைத்துவிடும்.

மூன்றாவது வழி, காது கேட்கும் கருவிக்கான 675 ஜிங்க்-ஏர் செல். ஒரு வளையம் மாட்டிப் பொருத்தினால் வோல்ட் ஏறக்குறைய சரியாக வரும். ஸ்டிக்கரை உரித்ததும் காற்றை இழுக்கத் தொடங்கும். பயன்படுத்தாவிட்டாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ காய்ந்துபோகும். ஒருகாலத்தில் காதுக்கருவிகளும் பாதரச செல்லில்தான் ஓடின. அவை மாறிக்கொண்ட வழியில்தான் கேமராவும் இப்போது போகிறது.

“பழைய செல் மாதிரி வராது” என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்த வசதிக்கான விலை, படம் எடுத்தவர் கொடுத்ததல்ல. உங்கள் கேமராவுக்குள் இன்னும் ஒரு பழைய பாதரச செல் கிடந்தால் குப்பைத்தொட்டியில் போடாதீர்கள். மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.