எச்சரிக்கை ஓலையும் எரிந்த மின்வடமும்

நம் சனத்நகரிலிருந்து கிழக்கே மௌலா அலிக்குப் பிரியும் இருப்புப் பாதையை நம் காலனி அன்பர் யாவரும் அறிவர். அம் மௌலா அலியை அடுத்து அணு எரிபொருள் வளாகம் 1971 ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. மணவாளக்குறிச்சி, சவறா முதலிய தென்கடற்கரை மணலில் கிடைக்கும் சிர்க்கான் என்னும் தாதுவிலிருந்து சிர்க்கோனியம் என்னும் உலோகம் பெறப்படுகிறது. அவ்வுலோகத்தால் குழல் செய்து, அதனுள் யுரேனிய வில்லைகளை அடுக்கி, 19 குழல்களை ஒரு கட்டாகப் பிணைத்து, நாட்டின் அணுமின் நிலையங்களுக்கு இங்கிருந்தே விடுக்கின்றனர். கல்பாக்கத்து உலையில் வேவதும், கங்கைக் கரை நரோராவில் வேவதும் நம் ஊர்ச் சரக்கே. ஆதலின் அவ்வுலைகளின் நலமும் கேடும் நமக்கு அயலார் செய்தி ஆகா.

மலரில் மன்னர் வரலாறும் கோயில் வரலாறும் எழுத வல்லார் நம் சங்கத்தில் பலர் உளர். யாம் இரயில்வேக் கோப்புகளிடையே காலங்கழிப்பவர். எமக்குத் தெரிந்தது கடிதம் ஒன்றே. ஆகவே, அனுப்பப்பெற்றும் பயன்படாது கிடந்த சில கடிதங்களின் வரலாற்றை ஈண்டு எழுதத் துணிந்தோம்.

இருப்புப் பாதையில் ஓரிடம் தளர்ந்துளது என்று கேங்மேன் கண்டு சொன்னால், அன்றே அவ்விடத்திற்கு 'காஷன் ஆர்டர்' பிறக்கும். வண்டி ஓட்டுநர் அதனைக் கையொப்பமிட்டுப் பெற்று, குறித்த இடத்தில் வேகத்தைக் குறைத்தே செல்வார். பாதை செப்பனிடப்பட்டது என்று பொறுப்புடைய பொறியாளர் சான்று தருமளவும் அவ்வாணை நீங்காது. கண்டவன் சொல்ல வேண்டும். சொன்னது பதிவாக வேண்டும். பதிவானது செய்யப்பட வேண்டும். செய்யப்பட்டதை வேறொருவன் பார்க்க வேண்டும். அணு உலைக்கும் முறை இதுவே. அமெரிக்க நாட்டில் 1970 இல் வகுத்த விதி ஒன்று, குறை கண்டவிடத்து அதனைத் திருத்துவதோடு அமையாது, பெருங்குறையாயின் அதன் காரணத்தையும் கண்டு, மீண்டும் நேராவண்ணம் செய்து, மேலதிகாரிகளுக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்று கட்டளையிட்டது.

விதி இருந்தது, வினை நிகழவில்லை. 1977 செப்டம்பர் 24 ஆம் நாள், ஒஹாயோ மாநிலத்து டேவிஸ்-பெஸ்ஸி அணுமின் நிலையத்தில் ஒரு வால்வு திறந்தபடியே நின்றுவிட்டது. நீர் வெளியேறிக்கொண்டிருக்க, நீர் மிகுதி என்று மயங்கிய பணியாளர் அவசர நீரையும் அடைத்தனர். உலை அப்போது குறைந்த ஆற்றலிலேயே இயங்கியது, சற்று நேரத்தில் வால்வு நின்ற நிலையும் கண்டறியப்பட்டது, தீங்கு நேரவில்லை. உலையைச் செய்த நிறுவனத்தின் பொறியாளர் சிலர், ஏனைய நிலையங்களுக்கும் இதுபற்றி அறிவுறுத்த வேண்டும் என்று உள்ளுக்குள் கடிதம் எழுதினர். அக்கடிதம் ஒரு பிரிவினின்று மற்றொரு பிரிவிற்குச் சென்றது; வினாக்கள் எழுந்தன; விடை எழுதப்படாமல் கிடந்தது. 1979 மார்ச்சு 28 ஆம் நாள் திரீ மைல் ஐலண்டு உலையில் அதே வகை வால்வு அதே வண்ணம் நின்றது. அங்கும் அவசர நீரைக் குறைத்தனர். உலைக்கருவில் ஏறக்குறையப் பாதி உருகிப் போயிற்று.

இனி நம் நாட்டு நிகழ்ச்சிக்கு வருவோம்.

உத்தரப் பிரதேசத்துப் புலந்த்சகர் மாவட்டத்தில் உள்ளது நரோரா. அங்குள்ள இரண்டு உலைகளுள் முதலாவது 1989 இல் உயிர்பெற்றது. 1993 மார்ச்சு 31 ஆம் நாள் விடியற்காலை மூன்றரை மணியளவில், அவ்வுலையின் நீராவிச் சுழலியில் இரண்டு தகடுகள் முறிந்து பறந்தன. பெருவேகத்தில் சுழலும் பொறியில் எடை ஒருபால் குறைந்தால் என்னாகும் என்பதை வண்டிச் சக்கரத்தைக் கண்டோர் அறிவர். பொறி அதிர்ந்தது, மின்னாக்கியைக் குளிர்விக்கும் ஹைட்ரஜன் வாயு கசிந்து பற்றியது, மசகு எண்ணெயும் உடன் எரிந்தது. தீ மின்வடங்களின் வழியே ஓடிற்று. பணியிலிருந்தோர் ஒரு நிமிடத்திற்குள் உலையை நிறுத்தினர் என்பது போற்றத்தக்கது.

ஆயினும், அணு உலை அடுப்பைப் போன்றதன்று. அடுப்பில் விறகை இழுத்துவிட்டால் நெருப்பு அவியும். உலையோ, நிறுத்திய கணத்திலும் முழு ஆற்றலில் நூற்றுக்கு ஆறேழு பங்கு வெப்பத்தைத் தந்துகொண்டே இருக்கும். ஒரு நாள் கழிந்தால் அது நூற்றுக்கு ஒரு பங்கினும் குறைந்திருக்கும். அப்போதும் நீர் பாய்ச்ச வேண்டும். நீர் பாய்ச்ச மின்சாரம் வேண்டும். நரோராவிலோ மின்சாரம் முற்றும் அற்றது. முதன்மை வடங்களும், அவை கெட்டால் உதவ வேண்டிய மாற்று வடங்களும் தக்க தடுப்பின்றி அருகருகே கிடந்தமையால் இரண்டும் ஒருங்கே எரிந்தன. கட்டுப்பாட்டு அறையில் புகை சூழ, அங்கிருந்தோர் வெளியேற நேர்ந்தது. ஏறக்குறைய 17 மணி நேரம் அந்நிலையம் மின்சாரமின்றி இருளில் கிடந்தது.

அவ்விருளில் தொழிலாளர் செய்த செயலே அவ்வட்டாரத்தைக் காத்தது. சிலர் கைவிளக்கை ஏந்தி உலைக் கட்டடத்தின் மேல் ஏறி, கையாலேயே வால்வுகளைத் திறந்து, போரான் கலந்த நீரை உலைக்குள் விடுத்தனர். அணுப்பிளவு மீண்டும் தலையெடுக்காதபடி தடுக்கும் மருந்து அது. வேறு சிலர் தீயணைப்பதற்கென வைத்திருந்த டீசல் பம்புகளை இயக்கி, அந்நீரை நீராவிக் கலங்களுக்குச் செலுத்தினர். உயிர்ச்சேதம் இல்லை, கதிரியக்கமும் வெளியே பரவவில்லை. பன்னாட்டு அளவையில் இதற்கு மூன்றாம் படி இடப்பட்டது. தமிழர் போர்க்களத்து மறவரைப் பாடினர். அன்றிரவு மாடிப்படி ஏறியவரைப் பாடுவாரைக் காணோம். அவர்தம் பெயர்களும் பொதுமக்களை எட்டவில்லை.

நிற்க. கடிதம் எங்கே என்று அன்பர்கள் கேட்கலாம். அச்சுழலி பிரிட்டிஷ் நிறுவனமொன்றின் வரைவைத் தழுவி நம் நாட்டுப் பாரத மிகுமின் நிறுவனம் செய்தது. இத்தகைய தகடுகளில் வெடிப்பு உண்டாகின்றது, வரைவை மாற்றுக என்று அப்பிரிட்டிஷ் நிறுவனம் 1989 இலேயே அறிவித்தது. புதிய வரைபடங்களும் ஆயத்தமாயின. ஆனால் தகடுகள் மாற்றப்பட்டது 1993 இன் தீக்குப் பின்னரே. மின்வடங்களைப் பற்றிய படிப்பினையும் புதிதன்று. 1975 மார்ச்சு 22 ஆம் நாள் அமெரிக்காவின் பிரவுன்ஸ் ஃபெரி நிலையத்தில், காற்றுக் கசிவைப் பார்க்க ஏற்றிய ஒரு மெழுகுவத்தியால் மின்வடங்கள் தீப்பற்றிப் பல காவற் கருவிகள் ஒருசேரச் செயலிழந்தன. உதவி வடத்தைத் தனியே பிரித்துப் போடுக என்பதே உலகம் அன்று கற்ற பாடம். நம் நாட்டிலும் 1985 இல் இராசத்தான் உலையில் வடத்தீ நேர்ந்து பம்புகள் நின்றதுண்டு. மூன்று அறிவிப்புகள் வந்தும் தீ நேர்ந்ததென்றால், பழியைத் தகட்டின்மேல் மட்டும் ஏற்றுதல் முறையன்று என்பது எம் கருத்து.

கண்காணிப்போர் யார் என்பது அடுத்த வினா. இரயில்வேயில் இவ்வினாவிற்கு 1941 இலேயே விடை கண்டனர். வண்டி ஓட்டும் வாரியமே விபத்தை ஆராய்தல் தகாது என்று, பாதுகாப்பு ஆய்வாளரை வாரியத்தினின்று பிரித்து வேறு துறையின்கீழ் வைத்தனர். பிரித்ததனாலேயே விபத்து ஒழிந்ததா எனின், இல்லை. 1956 செப்டம்பரில் நம் ஐதராபாத்திற்குத் தெற்கே மகபூப்நகரை அடுத்துப் பாலம் இடிந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர்; நவம்பரில் அரியலூரில் மருதையாற்றுப் பாலத்தில் அதே கொடுமை நிகழ, அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி துறந்தார். எனினும் விபத்தை ஆராய்ந்தவர் வேறு துறையினர் என்பதில் ஒரு தெளிவு உண்டு.

அணுத்துறையில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 1983 நவம்பர் 15 ஆம் நாள் அரசாணையால் அமைந்தது. ஆனால் அணுசக்தி ஆணையத்திற்கே அது கணக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று. நரோராத் தீ நிகழ்ந்த ஆண்டில் அவ்வாரியத்தின் தலைவரான டாக்டர் ஏ. கோபாலகிருஷ்ணன், அணுத்துறை நிலையங்களில் தீராது நின்ற பாதுகாப்புக் குறைகளைத் தொகுப்பித்தார். 1995 இல் முடிந்த அப்பட்டியலில் ஏறக்குறைய 130 குறைகள் இருந்தன. அவற்றுட் சில 1979 இலும் 1987 இலும் நடந்த ஆய்வுகளிலேயே சுட்டப்பட்டவை. குறை இருத்தல் எவ்விடத்தும் இயல்பு; ஒரே குறை மூன்று பட்டியலில் இடம்பெறுதல் இயல்பன்று. 2000 ஆம் ஆண்டில் பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தின் கூடங்கள் அவ்வாரியத்தின் கண்காணிப்பினின்று விலக்கப்பட்டன.

கல்பாக்கத்து மறுசுத்திகரிப்புக் கூடமும் அவ்வாறு விலக்கப்பட்டவற்றுள் ஒன்று. அங்கே 2003 சனவரி 21 ஆம் நாள் ஒரு வால்வு பழுதுற்று, கடுங்கதிர்வீச்சுக் கழிவு குறைந்த கழிவிற்குரிய தொட்டிக்குள் புகுந்தது. அதனை உணர்த்தும் கருவி அவ்விடத்தில் இல்லை. அறியாது சென்று மாதிரி எடுத்த தொழிலாளரும் உடனிருந்தோருமாக அறுவர் அளவுக்கு மீறிய கதிர்வீச்சிற்கு ஆளாயினர். பாதுகாப்புக் குறைகளைத் தொழிலாளர் சங்கம் கடிதமாக எழுதி மேலிடத்திற்குக் கொடுத்தது. செய்தி நாட்டிற்கு வெளிப்பட்டதோ அவ்வாண்டு சூலைத் திங்களில்.

அதே கல்பாக்கத்தில் 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை பம்பு மனைக்குள் புகுந்தபோது, இயங்கிக்கொண்டிருந்த இரண்டாம் உலையை முறைப்படி நிறுத்திக் காத்தனர் என்பதையும் சொல்லுதல் நேர்மை.

வாரியத்திற்குச் சட்டவழித் தனிநிலை அளிக்க 2011 இல் மக்களவையில் ஒரு மசோதா வந்தது. 2014 இல் அவை கலைந்தபோது அதுவும் காலாவதியாயிற்று. இடையே 2012 இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் தம் அறிக்கையில், 1983 ஆணையிலேயே பணிக்கப்பெற்ற பாதுகாப்புக் கொள்கையை வாரியம் இன்னும் வகுக்கவில்லை என்று எழுதினார். நாட்டின் மருத்துவ எக்ஸ்ரே கருவிகளுள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவை பதிவின்றி இயங்கின என்றும் அதில் கண்டார். பின்னர்ப் பதிவு முறை விரைவுபடுத்தப்பட்டது. நம் காலனியினர் குழந்தைகளைப் படமெடுக்க அழைத்துச் செல்லுமிடத்து, அக்கருவிக்குரிய வாரிய உரிமத்தைக் காட்டுமாறு கேட்கலாம்.