துணைக்கு யார் வருகிறார்கள்?

1879 ஜனவரியில், பாரிசில் ஓவியம் படித்துக்கொண்டிருந்த மரீ பாஷ்கிர்ட்செஃப் என்ற இளம்பெண் தன் நாட்குறிப்பில் தனக்கு வேண்டியவற்றை எழுதிவைத்தார். தனியாக வெளியே போய்வர வேண்டும். பூங்கா பெஞ்சில் உட்கார வேண்டும். கடைகளின் முன்னால் நின்று வேடிக்கை பார்க்க வேண்டும். தேவாலயங்களுக்குள்ளும் அருங்காட்சியகங்களுக்குள்ளும் நினைத்தபோது நுழைய வேண்டும். இரவில் பழைய வீதிகளில் சுற்ற வேண்டும். இவ்வளவுதான். லூவர் அருங்காட்சியகத்துக்குப் போவதென்றால் வண்டிக்குக் காத்திருக்க வேண்டும், துணைப்பெண்ணுக்குக் காத்திருக்க வேண்டும், குடும்பம் கிளம்பக் காத்திருக்க வேண்டும். இப்படிப் போய் என்னத்தைக் கற்றுக்கொள்வது என்று எரிச்சலோடு கேட்கிறார். உக்ரைனில் பிறந்த பணக்கார வீட்டுப் பெண் அவர். வண்டிக்கும் வேலையாளுக்கும் பஞ்சமில்லை. தனியாக இருப்பதற்குத்தான் பஞ்சம். ஐந்தாண்டுகள் கழித்து, 25 வயதில், காசநோயில் இறந்துபோனார்.

இந்தப் பட்டியலை வகுப்பில் சொல்லும்போது மாணவிகள் சிரிப்பார்கள். பழங்காலத்தை நினைத்துச் சிரிக்கும் சிரிப்பல்ல அது. புத்தகக் கண்காட்சிக்குப் போகிறேன் என்று வீட்டில் சொன்னால் முதலில் வரும் கேள்வி எது என்று அவர்களுக்குத் தெரியும். என்ன புத்தகம் வாங்கப் போகிறாய் என்பதல்ல அது.

ஒரு பெரிய அருங்காட்சியகத்தைப் பார்க்கத் திட்டமிடுவது என்பது இன்று சுற்றுலா விவகாரமாகிவிட்டது. எத்தனை மணிக்கு நுழைவது, எந்த வாசலில் கூட்டம் குறைவு, இரண்டு மணி நேரத்தில் எதையெல்லாம் பார்க்கலாம். லூவரில் காட்சிக்கு வைக்கப்பட்டிருப்பவை மட்டும் ஏறத்தாழ 35,000. திட்டமில்லாமல் நுழைந்தால் மதியத்துக்குள் கால் ஓய்ந்துவிடும். ஆகவே எல்லா வழிகாட்டிகளும் ஒரே மூவரிடம் நம்மை இழுத்துப் போகின்றன: மோனாலிசா, மிலோவின் வீனஸ், சமோத்ராஸின் வெற்றித்தேவதை. மூவரும் பெண்கள். ஒருத்தி வாய் திறக்காதவள், ஒருத்திக்குக் கைகள் இல்லை, ஒருத்திக்குத் தலையே இல்லை. வழியில் நேரமிருந்தால் ஆங்கர் வரைந்த அந்தப்புரப் பெண்ணையும் பார்க்கச் சொல்வார்கள். நமக்கெல்லாம் இருப்பதைவிடக் கூடுதல் முதுகெலும்புகளோடு அவள் நீண்டு படுத்திருக்கிறாள். பெண்ணுடல்களுக்கு அந்தக் கட்டடத்தில் என்றும் இடம் இருந்தது. பெண்களின் கைகளுக்கு இடம் இருந்ததா என்பது வேறு கதை. லூவருக்கு நான் போடும் திட்டம் அந்தக் கதையின் வழியாகப் போகிறது.

முதலில் கட்டடம். லூவர் அரண்மனையாக இருந்தது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் அரச ஓவிய, சிற்பக் கழகம் அங்கே குடிபுகுந்தது. 1648இல் தொடங்கி 1793இல் கலைக்கப்படும்வரை அந்தக் கழகம் சேர்த்துக்கொண்ட பெண்கள் ஏறத்தாழ பதினைந்து பேர். பின்னாளில் ஒரே சமயத்தில் நான்கு பெண்களுக்கு மேல் உறுப்பினராக இருக்கக் கூடாது என்று வரம்பும் கட்டினார்கள். உறுப்பினரான பெண்ணும்கூட நிர்வாண மாடலைப் பார்த்து வரையும் வகுப்புக்குள் போக முடியாது. வரலாறு, புராணம், வேதாகமம் ஆகியவற்றை வரைவதே உயர்ந்த ஓவியம். அதற்கு உடற்கூறு தெரிந்திருக்க வேண்டும். உடற்கூறு படிக்க அந்த வகுப்புக்குப் போக வேண்டும். வாசலை அடைத்துவிட்டு, பெண்கள் ஏன் பூவும் பழமும் முகமுமே வரைகிறார்கள் என்று கேட்டார்கள்.

1783 மே 31 அன்று ஒரே நாளில் இரண்டு பெண்கள் கழகத்தில் சேர்க்கப்பட்டார்கள்: எலிசபெத் விஜே லெ ப்ரன், அதெலெய்ட் லாபில்-கியார். உடனே இருவரையும் எதிரெதிரே நிறுத்தி ஒப்பிட்டு எழுதத் தொடங்கினார்கள். (இரண்டு பெண்கவிகள் ஒரே காலத்தில் எழுதினால் நம் விமர்சகர்கள் என்ன செய்வார்களோ அதையேதான்.) லூவர் கட்டடத்துக்குள் கழகத்து ஓவியர்கள் பலருக்குத் தங்கும் இடமும் பட்டறையும் தரப்பட்டிருந்தன. லாபில்-கியாரும் கேட்டார். அவரிடம் இளம்பெண்கள் ஓவியம் பயில்கிறார்கள், லூவரின் தாழ்வாரங்களோ நீண்டவை, இருட்டானவை, ஒழுக்கக்கேடு நேரும் என்று சொல்லி அரசரின் கட்டடப் பொறுப்பாளர் மறுத்துவிட்டார். தாழ்வாரம் இருட்டாக இருந்தால் விளக்கு வைக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. 1795இல், அரசரும் கழகமும் இல்லாமல் போன பிறகுதான் அவருக்கு அங்கே இடம் கிடைத்தது.

1793 ஆகஸ்ட் 10இல் லூவர் மக்களின் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. புரட்சி நாட்காட்டியில் வாரத்துக்குப் பத்து நாள். அதில் மூன்று நாள் யார் வேண்டுமானாலும் கட்டணமின்றி உள்ளே வரலாம். பெண்களும் வந்தார்கள். அதே அக்டோபர் இறுதியில் பெண்களின் அரசியல் சங்கங்கள் தடைசெய்யப்பட்டன. நவம்பர் 3 அன்று, பெண்ணின் உரிமைகளைப் பிரகடனமாக எழுதிய ஒலிம்ப் தெ கூழின் தலை வெட்டப்பட்டது. கலையைப் பார்க்கும் குடிமக்களில் பெண்களும் உண்டு, அரசியல் பேசும் குடிமக்களில் இல்லை என்பதை மூன்றே மாதங்களில் அந்த நகரம் தெளிவாக்கிவிட்டது.

இனி படங்கள். மோனாலிசா அறையிலிருந்து வெளியேறி இரண்டாம் தளத்துக்கு ஏறுங்கள். சுல்லி பகுதியில் பிரெஞ்சு ஓவியங்களும், அதையொட்டிய ரிஷெலியூ பகுதியில் டச்சு ஓவியங்களும் இருக்கின்றன. கூட்டம் அங்கே சட்டென்று குறைந்துவிடும். உட்கார இடம் கிடைக்கும்.

விஜே லெ ப்ரன் தன் மகளை அணைத்தபடி இருக்கும் தன்னுருவப்படம் ஒன்றை 1787 கண்காட்சியில் வைத்தார். அதைப் பார்த்துப் பாரிஸ் முகம் சுளித்தது. காரணம், படத்தில் அவர் பல் தெரியச் சிரிக்கிறார். நல்ல ரசனையுள்ள யாரும் இப்படி வரைய மாட்டார்கள் என்று எழுதினார்கள். பொம்பளை சிரித்தால் போச்சு, புகையிலை விரித்தால் போச்சு என்பது நம் ஊர்ச் சொத்து மட்டும் அல்ல போலும். உதடு பிரியாத மோனாலிசாவின் புன்னகைக்காகக் கோடிக்கணக்கானோர் வரிசையில் நிற்கும் கட்டடத்தில், இந்தச் சிரிப்பின் முன்னால் நீங்கள் தனியாக நிற்கலாம்.

நான் அதிக நேரம் ஒதுக்கச் சொல்வது மரீ-கியெமின் பெனுவாவின் ஒரு படத்துக்கு. பெனுவா, ஓவியர் தாவீதின் மாணவி. தாவீத் லூவரில் இருந்த தன் பட்டறையில் அவருக்கும் வேறு சில பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தார். 1787இல் அதற்கும் தடை வந்தது. பெண்பிள்ளைகள் லூவருக்குள் படிக்கக் கூடாது. பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1800 கண்காட்சியில், பெனுவா ஒரு கறுப்பினப் பெண்ணின் உருவப்படத்தை வைத்தார். வெள்ளைத் தலைத்துணி, வெள்ளை ஆடை, நாற்காலியில் நீலச் சால்வை, இடையில் சிவப்பு நாடா. பிரெஞ்சுக் கொடியின் மூன்று நிறங்கள். பிரெஞ்சுக் காலனிகளில் அடிமைமுறை 1794இல் ஒழிக்கப்பட்டது. 1802இல் நெப்போலியன் அதைத் திரும்பக் கொண்டுவந்தார். இரண்டுக்கும் நடுவில் வரையப்பட்ட படம் இது.

இதை விடுதலையின் படம் என்று கொண்டாடிய பெண்ணியவாதிகள் உண்டு. எனக்கு அவ்வளவு எளிதாகக் கொண்டாட வரவில்லை. அந்தப் பெண் குவாதலூப் தீவிலிருந்து பெனுவாவின் கணவருடைய சகோதரர் குடும்பத்தோடு வந்த பணிப்பெண். அவள் மார்பு திறந்திருக்கிறது. பிரெஞ்சுச் சீமாட்டியை இப்படி உட்காரவைத்து அந்த ஆண்டில் பெனுவா வரைந்திருப்பாரா? உட்காரச் சொன்னபோது மறுக்கும் இடத்தில் அவள் இருந்தாளா? ஆனாலும் அவள் நம்மைப் பார்க்கும் பார்வை இருக்கிறதே, அது பணிப்பெண்ணின் பார்வையும் அல்ல, கொடியின் குறியீடும் அல்ல. எதையோ யோசித்துக்கொண்டிருக்கும், நமக்கு அதைச் சொல்லப்போவதில்லை என்று முடிவெடுத்துவிட்ட ஒருத்தியின் பார்வை. படத்துக்கு வைத்த தலைப்பில் அவள் இனம் மட்டும் இருந்தது; பெயர் இல்லை. 1818இல் பதினெட்டாம் லூயி அதை வாங்கினார். 2019இல், கறுப்பின மாடல்களைப் பற்றிப் பாரிசின் ஓர்சே அருங்காட்சியகம் நடத்திய கண்காட்சியில்தான் அவள் பெயரால் படம் அழைக்கப்பட்டது: மதலேன்.

ஓவியருக்கு என்ன ஆயிற்று? 1814இல் கணவருக்கு அரசவையில் பெரிய பதவி கிடைத்தது. அந்தப் பதவிக்காரரின் மனைவி பொதுக் கண்காட்சியில் படம் வைப்பது பொருந்தாது என்றார்கள். பெனுவா நிறுத்திக்கொண்டார். வரைந்தவளைக் கணவரின் பதவி அடக்கியது. வரையப்பட்டவளின் பெயரே காணாமல் போனது. இருவரையும் ஒரே தட்டில் வைத்துப் பேச முடியாது. ஆனால் இருவரும் ஒரே சட்டத்துக்குள் இருக்கிறார்கள்.

லூயிஸ் மொயோன் 1630இல், இருபது வயதில், காய்கனி விற்கும் பெண்ணையும் வாங்க வந்த சீமாட்டியையும் வரைந்தார். சந்தைக்குப் போய்வரும் எவளுக்கும் அந்தப் பழங்களின் எடை கண்ணாலேயே தெரியும். 1640இல் திருமணம், அதன் பின் படங்கள் அருகிவிட்டன.

அதே 1630இல் ஹாலந்தில் ஜூடித் லைஸ்டர் வயலின் வாசிக்கும் ஓர் ஆணையும் கையில் கோப்பை ஏந்திய ஒரு பெண்ணையும் வரைந்தார். 19ஆம் நூற்றாண்டில் அந்தப் படம் ஃபிரான்ஸ் ஹால்ஸ் வரைந்தது என்று பெரிய விலைக்கு விற்கப்பட்டது. ஹால்ஸின் பொய்க் கையெழுத்துக்கு அடியில் ஜே, எல் என்ற எழுத்துகளும் ஒரு விண்மீனும் தெரிந்தன. லைஸ்டர் என்றால் வழிகாட்டும் விண்மீன். அப்படித்தான் அவர் கையெழுத்திடுவார். 1893இல் ஓர் ஆய்வாளர் அதைப் படித்துச் சொன்னதோடு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் மறக்கப்பட்டிருந்த ஓவியர் திரும்பி வந்தார். வாங்கியவர்கள் மகிழ்ந்திருக்க வேண்டும் அல்லவா? லண்டனில் வழக்குப் போட்டுப் பணத்தில் ஒரு பகுதியைத் திரும்பப் பெற்றார்கள். படத்தில் ஒரு கோடும் மாறவில்லை, பெண் வரைந்தது என்று தெரிந்ததும் விலை மாறிவிட்டது. 1914இல் அது லூவருக்கு வந்து சேர்ந்தது.

19ஆம் நூற்றாண்டில் லூவருக்குப் பெண்கள் பார்வையாளர்களாக மட்டும் போகவில்லை. அரசு ஓவியப்பள்ளியான எகோல் தே போஸார் 1897வரை பெண்களைச் சேர்க்கவில்லை. அதனால் லூவரே அவர்களின் பள்ளியானது. அனுமதிச்சீட்டு வாங்கிக்கொண்டு, பழைய மேதைகளின் படங்களுக்கு முன்னால் தாங்கியை நிறுத்தி, பார்த்து வரைந்தார்கள். சிலருக்கு அது படிப்பு, பலருக்கு வயிற்றுப்பாடு. பிரதிகளுக்கு நல்ல சந்தை இருந்தது. பத்திரிகைகள் அந்தப் பெண்களைக் கேலிச்சித்திரங்களாக வரைந்து தள்ளின. பெர்த் மொரிசோவும் அவருடைய அக்கா எத்மாவும் அங்கே பிரதி எடுத்தவர்கள்தான். துணைக்கு அம்மா உட்கார்ந்திருப்பார். மனேயை மொரிசோ முதலில் சந்தித்ததும் 1868இல் லூவரில். மனேயின் படங்களில் உட்கார்ந்திருக்கும் கறுப்பு உடைப் பெண்ணாகவே அவரை இன்னும் பலர் அறிந்திருக்கிறார்கள் என்பது எனக்குத் தீராத கோபம். போஸாரின் கதவு திறந்து முப்பது சொச்சம் ஆண்டுகளுக்குப் பிறகு அதன் வழியாக உள்ளே போன மாணவிகளில் ஒருவர் நம் அமிர்தா ஷெர்கில்.

இனி நடைமுறை. லூவருக்குச் செவ்வாய் விடுமுறை. புதன், வெள்ளி இரவு 9 வரை திறந்திருக்கும். அந்த மாலைகளே நல்லவை. நேரம் குறித்த டிக்கெட்டை முன்கூட்டியே ஆன்லைனில் வாங்க வேண்டும். 2026 ஜனவரியிலிருந்து ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியிலிருந்து வருகிறவர்களுக்குக் கட்டணம் 32 யூரோ, ஐரோப்பியர்களைவிட அதிகம். உலகத்துக்கே பொதுவானது என்று சொல்லிக்கொள்ளும் ஓர் அருங்காட்சியகம், உலகத்தில் பெரும்பகுதியிடம் கூடுதல் காசு கேட்கிறது. படங்களை இடம் மாற்றுவார்கள், இரவல் கொடுப்பார்கள். போகும் நாளுக்கு முன் அவர்களுடைய இணையப் பட்டியலில் ஓவியரின் பெயரைத் தட்டிப் பார்த்துவிடுங்கள். நுழைந்ததும் கழிப்பறை எங்கே என்று பார்த்துவைப்பதும், மாதவிடாய் நாளென்றால் அதற்கேற்ற ஏற்பாடும், நடந்து பழகிய செருப்பும் திட்டத்தின் பகுதிதான். இதையெல்லாம் அற்ப விஷயம் என்று நினைக்கிறவர்கள் வழிகாட்டி நூல் எழுதியதால்தான் அவற்றில் இவை இருப்பதில்லை.

குடும்பத்தோடு போனால் பையும் தண்ணீர்ப் புட்டியும் குழந்தையின் ஜெர்கினும் உங்கள் கைக்கு வரும். பெரிய அருங்காட்சியகம் எதிலும் பாருங்கள், பெஞ்சில் படங்களுக்கு முதுகைக் காட்டி, பைகளைக் காத்துக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருப்பார். ஒரு மணி நேரமாவது தனியாகப் பார்க்கப்போகிறேன் என்று முதல் நாள் இரவே சொல்லிவிடுங்கள். அந்த ஒரு மணி நேரத்துக்கு இந்த நான்கு படங்கள் போதும்.

காலையில் போகிறவர்கள் கவனியுங்கள். பிரதி எடுப்பவர்களுக்கு லூவர் இன்றும் அனுமதி தருகிறது. ஏதாவது ஓர் அறையில் தாங்கியின் முன்னால் ஒரு பெண் நின்று வரைந்துகொண்டிருக்கலாம். பிரதி, மூலப்படத்தின் அதே அளவில் இருக்கக் கூடாது என்பது விதி. கொஞ்சம் தள்ளி நின்று, இரண்டையும் மாறி மாறிப் பாருங்கள்.