பிராகிலிருந்து வந்த சுருள்கள்

1964 பிப்ரவரி 5 அன்று, பிராகிலிருந்து புறப்பட்ட 1,564 தோராச் சுருள்கள், அதாவது யூத வேதத்தின் கையெழுத்துச் சுருள்கள், லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் யூதத் தொழுகைக்கூடத்துக்கு வந்து சேர்ந்தன. பல கிழிந்திருந்தன, சில தீயிலும் ஈரத்திலும் கெட்டிருந்தன. சிலவற்றைத் தொழுகைச் சால்வையின் துண்டால் சுற்றியிருந்தார்கள். ஒன்றைக் கட்டியிருந்தது ஒரு குழந்தையின் கோட்டு பெல்ட்.

1942இல் நாஜிகளின் பிடியிலிருந்த போஹேமிய, மொராவிய ஊர்களிலிருந்து வழிபாட்டுப் பொருள்கள் பிராக் யூத அருங்காட்சியகத்துக்கு அனுப்பப்பட்டன. அவற்றைப் பட்டியலிட்ட யூத ஊழியர்களில் பெரும்பாலோரைப் பிறகு முகாம்கள் விழுங்கின. சுருள்கள் தப்பின, அந்த மண்ணின் யூதர்களில் ஏறத்தாழ 80,000 பேர் தப்பவில்லை. போருக்குப் பின் சுருள்கள் மிஹ்லே என்ற இடத்தில், தொழுகை நின்றுபோன ஒரு கூடத்தில் அடுக்கிக் கிடந்தன. கம்யூனிஸ்ட் அரசு விற்க முன்வந்தபோது ரால்ஃப் யாப்லன் என்ற கொடையாளர் பணம் கொடுத்து மீட்டார்.

இச்சுருள்களில் இருப்பது சினாய் மலையடியில் பெற்ற இறைவனின் சட்டம். அதைப் பெற்றவர்கள் அன்று அங்கே நின்றவர்கள் மட்டுமல்ல, இனிப் பிறக்கவிருந்த ஆன்மாக்களும்தான் என்பது யூத குருமாரான ரபிகளின் மரபு. அப்படியானால் பெறுவது மோசேயோடு முடிந்த காரியமில்லை. ஒவ்வொரு தலைமுறையும் தன் கையால் வாங்கியாக வேண்டும். இது எனக்கு மிக நன்றாக விளங்குவது சுருள் எழுதுபவரின் மேசையில்தான். எவ்வளவு மனப்பாடமாக இருந்தாலும் அவர் நினைவிலிருந்து எழுதக் கூடாது. மூலத்தைப் பார்த்து, சொல்லை வாய்விட்டுச் சொல்லி, அதன்பிறகே இறகை மையில் தோய்க்கிறார். இறைவனின் பெயர் வரும்போது, அதன் புனிதத்துக்காகவே எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டுத் தொடங்குகிறார். அந்தப் பெயரில் பிழை விழுந்தால் சுரண்டி அழிக்க அனுமதியில்லை; எழுதிய அந்தத் தோல்தாளையே எடுத்துவிட வேண்டும். மொத்தம் 3,04,805 எழுத்துகள். ஒன்று சிதைந்தாலும், சரிசெய்யும்வரை சுருள் சபை வாசிப்புக்கு ஆகாது.

லண்டனுக்கு வந்தவற்றில் இப்படி உதிர்ந்த எழுத்துகள் எத்தனையோ. ஒருநாள் டேவிட் பிராண்ட் என்ற சுருள் எழுத்தர் தானாகவே வந்து தொழுகைக்கூடத்தின் கதவைத் தட்டி, பழுதுபார்க்கச் சுருள் ஏதும் இருக்கிறதா என்று கேட்டார். உள்ளே 1,564 காத்திருந்தன. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அங்கேயே உட்கார்ந்து எழுத்தெழுத்தாக மீட்டார். முன்பின் அறியாத ஊர்களின் சுருள்களுக்காக ஒரு மனிதர் தன் வாழ்நாளில் பெரும்பகுதியைக் கொடுத்தார். சட்டத்தைப் பெறுவதென்றால் இதுதான் என்று நான் நம்புகிறேன்.

எல்லாவற்றையும் மீட்க முடியவில்லை. மீட்க முடியாதவையும் குப்பைக்குப் போகவில்லை. அவையும் நினைவுச் சின்னங்களாகப் பல நாடுகளுக்கு அனுப்பப்பட்டன. மோசே உடைத்த முதல் கற்பலகைகளின் துண்டுகளும், முழுசான இரண்டாம் பலகைகளோடு ஒரே உடன்படிக்கைப் பேழையில் இருந்தன என்கிறது யூத மரபு நூலான தல்மூத். அந்த மரபில் வந்தவர்களுக்குச் சிதைந்த சுருளையும் காப்பது இயல்பாகவே வந்திருக்கும்.

இச்சுருள்கள் விற்கப்படுவதில்லை; இரவலாக மட்டுமே தரப்படுகின்றன. பெற்றுக்கொண்ட சபைகள் பலவும் தங்கள் சுருள் எந்த ஊரிலிருந்து வந்தது என்று தேடுகின்றன, அவ்வூரில் மாண்டவர்களின் பெயர்களைத் தொழுகையில் சொல்கின்றன. வாசிக்கத் தகுதியான சுருளென்றால், பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் தங்கள் முதல் வாசிப்பை அதிலிருந்தே தொடங்குகிறார்கள்.