கூறை பறித்த பூண்டி

திருப்பூரிலிருந்து அவிநாசிக்கு பஸ் ஏறினால் நடுவில் திருமுருகன்பூண்டி வரும். சேரமான் பெருமாள் கொடுத்த பொன்னோடு சுந்தரர் இந்த வழியாகத் திரும்பினார். சிவனே பூதகணங்களை வேடர்களாக அனுப்பி அதைப் பறித்தார், பாடியதும் திருப்பிக் கொடுத்தார். ஊரில் சொல்லும் கதை இது. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழாரும் பெரியபுராணத்தில் இப்படித்தான் சொல்கிறார்.

ஆனால் அவருக்குச் சில நூற்றாண்டுகள் முன்னால் சுந்தரர் பாடிய பதிகத்தை எடுத்துப் பாருங்க. வேடர்கள் பூதகணங்கள் என்று அதில் ஒரு பேச்சும் இல்லை. வடுக வேடர்கள் வழிப்போக்கரை மிரட்டுகிறார்கள், குத்துகிறார்கள், கட்டின கூறையையும் பிடுங்குகிறார்கள். இப்படியொரு ஊரில் உமக்கு என்ன வேலை என்று சாமியையே கேட்கிறார்.

பாலக்காட்டுக் கணவாய் வழியாகச் சேர நாட்டுக்குப் போன பெருவழிகள் கொங்கைக் கடந்துதான் போயின. சரக்கு போகிற வழியில் கொள்ளையும் இருக்கும். பதிகத்தில் இருப்பது அந்த வழியின் பயம். புராணம் கள்வனைக் கடவுளாக்கி அந்தப் பயத்தை ஆற்றிவிட்டது. பக்திக்கு அது வேண்டியிருக்கலாம். அடிபட்டு, துணி இழந்து நின்றவனின் கோபம் மட்டும் பதிகத்தில்தான் மிச்சமிருக்கிறது.

இன்னைக்கு இந்த ரோட்டில் பனியன் பண்டல் ஏற்றின லாரிகள் போகின்றன. கோயிலுக்குப் போனால் கதையைக் கேளுங்க. பதிகத்தையும் ஒருதரம் படிச்சிடுங்க.